புதுக் கவுன்சிலரிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்: சென்னை வாக்காளருக்கு ஒரு முழு வழிகாட்டி

2022 மார்ச்சில் எங்கள் தெருக்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து, புதிதாகப் பதவியேற்ற கவுன்சிலர் வீட்டுக்குப் போனோம். கையில் ஒரு சால்வை, ஒரு மனு. மனுவில் ஏழு கோரிக்கைகள். அந்தம்மா பொறுமையாகப் படித்துவிட்டு, "அண்ணா, இதுல நாலு விஷயம் என் கையிலயே இல்லையே. சாக்கடை மெட்ரோவாட்டர், ரேஷன் கடை சிவில் சப்ளை, டிரான்ஸ்பார்மர் ஈ.பி., பட்டா தாசில்தார். மீதி மூணுக்கு எந்த இடம், எவ்வளவு நீளம்னு ஒண்ணுமே எழுதலையே?" என்றார். திரும்பி வரும்போது யாரும் வாய் திறக்கவில்லை. எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மட்டும், "ஏழுக்கு ஏழும் ஃபெயில்" என்றார்.

தப்பு எங்களுடையதுதான். ஆனால் முழுக்க எங்களுடையது என்றும் சொல்ல முடியாது. 2011இல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கும் மேலாகச் சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்தான். 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடந்தபோது, கவுன்சிலரை எதற்குத் தேடிப் போவது என்பதே பாதிப் பேருக்கு மறந்திருந்தது. நகரத்தில் பதிவானது சுமார் 43.6 சதவீதம்தான். அந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தோடு முடிகிறது. அடுத்து வருகிறவரிடம் போகும்போது ஏழுக்கு ஐந்தாவது பாஸ் ஆக வேண்டும் என்று நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: அவர் கையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். 2022இல் வாக்காளர்கள் சுமார் 61 லட்சம் பேர். அப்படியானால் ஒரு கவுன்சிலருக்குச் சராசரியாக 30 ஆயிரம் வாக்காளர்கள். வார்டு மேம்பாட்டு நிதி 2022-23இல் 35 லட்ச ரூபாயாக இருந்தது. படிப்படியாக ஏறி 2025-26 பட்ஜெட்டில் 60 லட்சம் ஆனது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு வருடத்துக்கு 200 ரூபாய். ஒரு பிளேட் பிரியாணி. எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே "கவுன்சிலர் ஃபண்டுல மொத்த ஏரியாவுக்கும் ரோடு போடுங்க" என்று கேட்பதில் அர்த்தமில்லை. அந்த நிதி சின்ன வேலைகளுக்கானது: ஒரு சந்துக்கு நடைபாதைக் கல், பள்ளிக்கூடத்தில் ஒரு கழிப்பறைப் பராமரிப்பு, பூங்காவில் நாலு விளக்கு. பெரிய வேலைகளுக்கான பணம் துறைகளின் பட்ஜெட்டிலிருந்தும் அரசுத் திட்டங்களிலிருந்தும் வருகிறது. அந்தப் பட்டியலில் உங்கள் தெருவின் பெயரை ஏற்றுவதுதான் கவுன்சிலர் செய்யக்கூடிய உண்மையான உதவி. அதற்கு அவருக்கு இரண்டு மேடைகள் இருக்கின்றன. ஒன்று ரிப்பன் மாளிகையில் நடக்கும் மன்றக் கூட்டம், இன்னொன்று மண்டலக் குழுக் கூட்டம். இவை தவிர, வார்டு ஏ.இ.யை, அதாவது உதவிப் பொறியாளரை, தினமும் போனில் பிடிக்கிற உரிமை. மூன்றாவதைத்தான் நாம் குறைத்து எடை போடுகிறோம். தெருவுக்கு நடக்கிற வேலைகளில் முக்கால்வாசி அப்படித்தான் நடக்கின்றன.

வரி விஷயத்தில் ஒரு வார்த்தை. 2022இல் கவுன்சிலர்கள் பதவியேற்ற சூட்டோடு ஏப்ரலில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. எங்கள் பக்கம் டீக்கடையில் அத்தனை திட்டும் கவுன்சிலருக்குத்தான் விழுந்தது. அது மாநில அரசு எடுத்த முடிவு. ஒரு வார்டு உறுப்பினர் தனியாக நின்று நிறுத்தியிருக்க முடியாது. மன்றத்தில் எழுந்து ஆட்சேபம் சொன்னாரா என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி.

இன்னொன்று, அவருக்குக் கிடைப்பது சம்பளம் கிடையாது. 2023இலிருந்து மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. முழுநேரமும் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்த்துப் போய் ஏமாறாமல், எந்த நாள், எத்தனை மணி என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு வைத்துக்கொள்ளத்தான்.

இரண்டாம் படி: எந்தப் பிரச்சினை யாருடையது

இதில்தான் நாங்கள் தோற்றோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, விளையாட்டுத் திடல், மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், கொசு மருந்து, பொதுக் கழிப்பறை, மயானம், தெருநாய், பிறப்பு இறப்புச் சான்றிதழ், அம்மா உணவகம், இவையெல்லாம் மாநகராட்சி. கவுன்சிலரிடம் நேராகப் போகலாம்.

குடிநீரும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியம், நம் வாயில் மெட்ரோவாட்டர். 1978இல் தொடங்கிய தனி வாரியம் அது. தனிப் பொறியாளர்கள், தனி டிப்போ, தனி புகார் எண் 1916. தெருவில் தண்ணீர் தேங்கினால் முதலில் மூக்கை நீட்டிப் பாருங்கள். நாற்றமடித்தால் மெட்ரோவாட்டர், நாறாத மழைத்தண்ணி என்றால் மாநகராட்சி. சிரிக்காதீர்கள், எங்கள் தெருவில் இதுதான் இன்றைக்கும் சோதனைமுறை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், யாரோ கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் இணைத்திருப்பார்கள். அப்போது இரண்டு துறையும் ஒன்றையொன்று கைகாட்டும். அந்த இடத்தில் கவுன்சிலர் அவசியம். இரண்டு பொறியாளர்களையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், மேன்ஹோல் மூடிக்குப் பக்கத்தில் நிற்க வைக்க அவரால்தான் முடியும். இப்படி ஒரு கூட்டு ஆய்வு கேட்டு எழுதுங்கள். "சாக்கடையைச் சரி செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதுவதைவிட இது பத்து மடங்கு பலன் தரும்.

சாலையிலும் ஒரு பாகுபாடு உண்டு. மாநகராட்சியிடம் பேருந்துத் தடச் சாலைகள் சுமார் 387 கிலோமீட்டர், உட்புறச் சாலைகள் சுமார் 5,270 கிலோமீட்டர். பஸ் ஓடுகிற சாலைக்குத் தலைமையகத்தில் தனித்துறை. உட்புறத் தெருவுக்கு மண்டலம். அதற்கும் மேலே சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். உங்கள் குழி எந்தச் சாலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஒரு மாதம் மிச்சம்.

கரண்ட், பில்லர் பாக்ஸ், தொங்கும் மின்கம்பி எல்லாம் ஈ.பி.; மின்னகம் எண் 94987 94987. கவனம், தெருவிளக்கு மட்டும் மாநகராட்சி. பார்க்கிங்கும் போக்குவரத்தும் காவல்துறை. பட்டா, சாதிச் சான்றிதழ் வருவாய்த்துறை. தெருநாய் விஷயத்தில் "பிடிச்சுட்டுப் போயிடுங்க" என்று கேட்டால் நடக்காது. பொதுவான விதி, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. ஆகவே எத்தனை நாய், எந்தச் சந்திப்பு, அவற்றில் காது நுனி வெட்டப்படாதது எத்தனை என்று எழுதிக்கொடுங்கள். காது நுனி வெட்டு, கருத்தடை ஆனதற்கான அடையாளம்.

ஆதாரில் முகவரி மாற்றுவதற்கான சான்றுப் படிவம் மாதிரியான காகிதங்களில் கவுன்சிலர் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய உதவி. புதுக் கவுன்சிலர் வந்த முதல் மாதத்தில் அவர் ஆபீஸ் வாசலில் நிற்கிற கூட்டத்தில் பாதி இதற்காகத்தான்.

மூன்றாம் படி: போவதற்கு முன் தெரு பேசி முடிக்க வேண்டும்

வேகத்தடை வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் தெருவில் ஒரு மாதம் சண்டை. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு வேண்டும். முதுகுவலிக்காரர்களுக்கு வேண்டாம். நாங்கள் பேசி முடிக்காமலே மனு கொடுத்தோம். மறுநாள் எதிர்த்தரப்பும் ஒரு மனு கொடுத்தது. கவுன்சிலர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிரித்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் போதும். மாடி வீட்டுக்காரர், கீழ் வீட்டு வாடகைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், மூலையில் பூ விற்கிற அக்கா எல்லோரையும் கூப்பிடுங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கூடிக் கோரிக்கை எழுதினால், முதல் கோரிக்கையே பூக்கடையை எடுக்கச் சொல்வதாக இருக்கும். தெருக்கோடியில் பொதுக்குழாயை நம்பியிருக்கிறவர்களின் பிரச்சினை பட்டியலிலேயே வராது. கவுன்சிலருக்கு ஓட்டு எங்கிருந்து வந்தது என்று நன்றாகத் தெரியும், அது வேறு விஷயம்.

மூன்றே மூன்று கோரிக்கை தேர்ந்தெடுங்கள். ஒன்று ஒரு வாரத்தில் முடியக்கூடியதாக இருக்கட்டும், எரியாத விளக்கு மாதிரி. ஒன்று ஆறு மாதத்தில். ஒன்று ஐந்து வருடத்தில். முதலாவது முடிந்தால் அவருக்கும் உற்சாகம், உங்களுக்கும் நம்பிக்கை.

நான்காம் படி: மனு எழுதுவது

ஒரு மனுவில் ஒரே ஒரு விஷயம். ஏழு விஷயத்தை ஒரே தாளில் எழுதினால் அந்தத் தாள் ஏழு மேஜைக்கும் போக வேண்டும். அது முதல் மேஜையிலேயே தூங்கிவிடும்.

"சாலை மிகவும் மோசமாக உள்ளது, உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்ற வாக்கியத்தை ஏ.இ. ஆயிரம் முறை படித்திருப்பார். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

"எங்கள் தெருவில் கதவு எண் 14 முதல் 38 வரை, சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு, குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் மண்ணால் மட்டும் மூடப்பட்டுள்ளது. இந்தப் பகுதியில் 42 குடும்பங்கள் வசிக்கின்றன. எதிரே மாநகராட்சித் தொடக்கப்பள்ளி உள்ளது. இது குறித்து மாநகராட்சியின் 1913 புகார் தொலைபேசியில் கொடுத்த புகாரின் எண்ணும் தேதியும் கீழே உள்ளன. புகைப்படங்கள் நான்கு இணைத்துள்ளோம். உதவிப் பொறியாளருடன் இடத்தைப் பார்வையிட்டு, மதிப்பீடு தயாரிக்க ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வரியைக் கவனியுங்கள். நாம் கேட்பது சாலை போடச் சொல்லி இல்லை, மதிப்பீடு தயாரிக்கச் சொல்லி. அது ஒரு கவுன்சிலரும் ஒரு ஏ.இ.யும் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை. விளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறியுங்கள். வடிகால் என்றால் எந்த மூடியிலிருந்து எந்த மூடி வரை என்று.

1913 புகார் எண்ணை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், சாதாரண வேலைக்கு முதல் கதவு அதுதான். போனிலோ நம்ம சென்னை செயலியிலோ புகார் போட்டு, அதில் நடக்காததைத்தான் கவுன்சிலரிடம் கொண்டுபோக வேண்டும். எரியாத ஒரு பல்புக்கு அவரை எழுப்பினால், வெள்ளம் வரும் நாளில் அவர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.

மனுவில் இரண்டு நகல். ஒன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் தாளும் வேண்டும். வாட்ஸ்அப் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் புதைந்துபோகும்.

ஐந்தாம் படி: கொடுத்த பிறகு கேட்க வேண்டிய ஒரே கேள்வி

"எப்ப சார் முடியும்?" என்று கேட்டால் "சீக்கிரம் முடிச்சிரலாம்" என்ற பதில்தான் வரும். "எந்தக் கட்டத்துல இருக்கு?" என்று கேளுங்கள். ஏ.இ. இடத்தைப் பார்ப்பது, எஸ்டிமேட், நிதி ஒப்புதல், டெண்டர், ஒர்க் ஆர்டர், வேலை, பில் என்று வரிசை உண்டு. எஸ்டிமேட் போயிருக்கிறது என்றால் யாருடைய மேஜையில், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்கலாம். ஏ.இ.க்கு மேலே உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், மண்டல அலுவலர். அவர்களுக்கு மேலே வடக்கு, மத்திய, தெற்கு என மூன்று வட்டாரத் துணை ஆணையர்கள். கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், கவுன்சிலரிடம் "அந்த ஆபீஸுக்கு ஒரு போன் பண்ணுங்கம்மா" என்று குறிப்பாகக் கேட்க முடியும்.

வேலை நடக்கும் நாளில் தெருவில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும். சாலை போடும்போது பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் உங்கள் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விடும், அடுத்த மழைக்கு ஹாலில் தண்ணீர். மில்லிங் இயந்திரம் வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் அப்போதே கவுன்சிலருக்குப் போன் போடுங்கள். தார் கொட்டிய பிறகு போட்டுப் பயனில்லை.

ஆறாம் படி: காலண்டர்

அக்டோபரில் போய் வடிகாலைத் தூர்வாரச் சொல்கிற தெருக்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். வடிகால் மனுவுக்கு மே, ஜூன்தான் காலம். ஆகஸ்டில் போய் எத்தனை மூடி திறந்து வண்டல் எடுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று இரண்டு முறை முழுகிய பகுதி என்றால், தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் கோடு போட்டு, படம் எடுத்து மனுவோடு வையுங்கள். அந்தக் கோட்டை யாராலும் மறுக்க முடியாது.

மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. புதிய பூங்கா, பள்ளிக்கு வகுப்பறை மாதிரிப் பெரிய கோரிக்கைகள் நவம்பர், டிசம்பருக்குள் அவர் கைக்குப் போய்விட வேண்டும். மழைக்காலத்தில் சாலை வெட்டத் தடை இருக்கும் என்பதால் குடிநீர் இணைப்பு வேலைகளையும் அதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

ஏழாம் படி: பகுதி சபை

இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு, பயன்படுத்துகிறவர்கள் அதைவிடக் குறைவு. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு வார்டு குழு, பகுதி சபை. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோதே வார்டு குழுக்களைப் பற்றிப் பேசியது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022இல்தான் வந்தன. சென்னையில் ஒரு வார்டைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வார்டு குழுவுக்குக் கவுன்சிலர்தான் தலைவர்.

புதுக் கவுன்சிலரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அடுத்த பகுதி சபை எந்தத் தேதி, எந்த இடம், அறிவிப்பு எங்கே ஒட்டுவீர்கள்? தனியாக வீட்டில் போய்ப் பார்த்தால் வாக்குறுதி கிடைக்கும். ஐம்பது பேர் முன்னால் கேட்டால், அதிகாரிகளும் பக்கத்தில் இருப்பதால், பதில் கிடைக்கும். பேசியதைப் பதிவேட்டில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள்.

நாம் கேட்கக் கூடாதவை, அவர்கள் கேட்கக் கூடாதவை

பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடிக்கச் சொல்லி, நம் அனுமதியில்லாத மாடியைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லி, மச்சானுக்கு மாநகராட்சியில் வேலை கேட்டுப் போகிறோம். அப்படி ஒரு முறை போனவர், மறுமுறை தெருவுக்காகப் போய் நிற்கும்போது குரல் எழும்பாது.

கட்டட அனுமதி கொடுப்பது கவுன்சிலரின் அதிகாரமே இல்லை. வீடு கட்டும்போதோ, போர் போடும்போதோ கவுன்சிலர் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால், தருவதற்கு எந்த விதியும் இல்லை. லஞ்ச ஒழிப்புத் துறையின் எண் 1064.

சென்னை மாநகராட்சி வார்டுகளில் 50 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கீடு. பெண் கவுன்சிலரைப் பார்க்கப் போய், வாசலில் உட்கார்ந்திருக்கும் கணவரிடம் மனுவைக் கொடுத்துவிட்டு வருகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. ஓட்டுப் போட்டது யாருக்கோ, அவரிடமே கொடுங்கள். "அம்மா வரட்டும், வெயிட் பண்றோம்" என்று சொன்னால் போதும். நாங்கள் அன்றைக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். காபி கூட வந்தது.

எட்டாம் படி: பதிலே வராவிட்டால்

இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகும் அமைதி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். பதில் தர 30 நாள் கெடு. கேள்வியில் "ஏன்" வேண்டாம்; ஏன் என்பதற்கு அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. "எங்கள் வார்டில் கடந்த நிதியாண்டில் வார்டு மேம்பாட்டு நிதியில் எடுத்த வேலைகளின் பட்டியல், இடம், மதிப்பீட்டுத் தொகை, வழங்கிய தொகை, முடிந்த தேதி" என்று கேளுங்கள். பட்டியல் வந்ததும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மாலை நடை போங்கள். போட்டதாகச் சொன்ன பெஞ்ச் அங்கே இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் அதையும் பகுதி சபையில் எழுந்து சொல்லுங்கள். பாராட்டு கேட்டே பழக்கமில்லாத கூட்டம் அது.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்க ஒருவர் வேண்டும். எங்கள் தெருவில் அந்தத் தலைமையாசிரியர்தான். மனு கொடுத்த தேதி, புகார் எண், வந்த பதில், முடிந்த தேதி என நாலு கட்டம் போட்டு வைத்திருக்கிறார். மன்றத்தின் காலம் முடிந்து, 2016இல் ஆனதுபோலத் தேர்தல் தள்ளிப்போனால், கவுன்சிலர் இருக்க மாட்டார், ஏ.இ.யும் மண்டல அலுவலரும் 1913உம் இருப்பார்கள். அப்போது அந்த நோட்டோடு நேராக மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும். தேர்தல் வந்தால், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிற ஒவ்வொரு வேட்பாளருக்கும் முடியாத வேலைகளின் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டும். பத்துப் பிரதிக்கு இருபது ரூபாய் ஆகும் என்று தலைமையாசிரியர் இப்போதே வசூல் தொடங்கிவிட்டார்.